மாமா குவைத்துக்குன்னு போனாரு, போய்ச் சேந்தது ஈராக்குல

எங்க தாய்மாமா புரோட்டா மாஸ்டர். திருமங்கலம் பக்கம் ஒரு கடைல பதினெட்டு வருசம் கல்லு முன்னாடி நின்னவரு. அவரு வீசுற மாவு வழியா எதுத்தாப்ல போற பஸ்ஸோட போர்டப் படிக்கலாம்னு ஊருக்குள்ள சொல்லுவாங்க, அது கொஞ்சம் ஓவர்தான், ஆனா ரொம்ப ஓவர் இல்ல. அவரு கதைய எழுதணும்னு பல வருசமா நெனச்சு நெனச்சு விட்டுட்டேன். போன வாரம் எங்க பெரியப்பா மகன் அண்ணனோட பையன் கடைக்கு வந்து ஒரு பேப்பர நீட்டுனான், அதுக்கப்புறம் எழுதாம இருக்க முடியல. அந்தப் பேப்பர் என்னன்னு கடைசில சொல்றேன்.

நான் உசிலம்பட்டில சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். ஜெராக்ஸ், லேமினேசன், பாஸ்போர்ட்டுக்கு ஆன்லைன்ல போடுறது, பட்டா சிட்டா எடுத்துக் குடுக்குறது, இதான் பொழப்பு. இதனால ஒரு நன்மை, ஊர்ல எவன் எங்க போறான்னு அவன் பொண்டாட்டிக்குத் தெரியுறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சுரும்.

2003 மார்ச்ல ஈராக் மேல அமெரிக்காக்காரன் குண்டு போட ஆரம்பிச்சப்ப எங்க தெரு டீக்கடைல காலைல பேப்பர சத்தமா படிப்பாங்க. சதாம்கிட்ட ரசாயனக் குண்டு இருக்காம், நாப்பத்தஞ்சே நிமிசத்துல ஏவிருவானாம்னு ஒருத்தன் படிச்சான். அங்க ஒரு பெரியவரு உக்காந்திருப்பாரு, எங்களுக்கெல்லாம் மிலிட்டரி தாத்தா. 1987ல அமைதிப்படைன்னு ஸ்ரீலங்காவுக்குப் போயி கண்ணிவெடில எடது கால முட்டிக்குக் கீழ விட்டுட்டு வந்தவரு. அவரு டீய ஆத்திக்கிட்டே, "குண்டு இருக்குண்டு நெசமாவே தெரிஞ்சா கிட்டக்க போவானாய்யா? இல்லண்டு தெரிஞ்சுதானே போறான்"னாரு. எல்லாரும் சிரிச்சோம். ஒன்றரை வருசம் கழிச்சு, 2004 அக்டோபர்ல, அமெரிக்காவே அனுப்புன தேடுதல் குழு தண்டி அறிக்கை ஒண்ணு குடுத்துச்சு, அப்படி ஒரு ஆயுதக் கையிருப்பே அங்க இல்லன்னு. தாத்தா டீ கிளாஸோட சொன்னதத்தான் அவங்க அத்தன கோடி செலவழிச்சு சொன்னாங்க.

அந்தத் தாத்தா தன்னோட சண்டையப் பத்திப் பேசவே மாட்டாரு. ஒரே ஒருதடவ, கோயில் திருவிழா ராத்திரி, கொஞ்சம் ஏத்திக்கிட்டு இருந்தப்ப சொன்னாரு. யாழ்ப்பாணத்துல ஒரு வீட்டுக்குள்ள செக்கிங் போனப்ப ஒரு அம்மா கால்ல விழுந்து தமிழ்ல கெஞ்சுச்சாம், இவருக்குப் புரியுதுன்னு கூட வந்த ஆபீசருக்குத் தெரியக்கூடாதுன்னு மூஞ்சிய வேற பக்கம் திருப்பிக்கிட்டாராம். அவ்வளவுதான் சொன்னாரு. கிட்டத்தட்ட 1,200 பேர அங்க பறிகுடுத்துட்டு 1990ல படை திரும்பி வந்துச்சு, மெட்ராஸ் ஹார்பர்ல வரவேற்கக்கூட முதலமைச்சர் கருணாநிதி போகல, எங்க தமிழனக் கொன்னுட்டு வந்த படைன்னு இங்க கோவம் அப்படி இருந்துச்சு. கோவம் நியாயம்தான். ஆனா கால விட்டுட்டு வந்த ஆளு அந்தச் சண்டைய முடிவு பண்ண ஆளு இல்லையே.

சரி, மாமாவுக்கு வர்றேன். 2003 ஏப்ரல்ல நம்ம பார்லிமெண்ட்டு அந்தப் போரக் கண்டிச்சு தீர்மானம் போட்டுச்சு. நம்ம பட்டாளத்தையும் அனுப்புங்கன்னு அமெரிக்கா கேட்டதுக்கு ஜூலை 14ஆம் தேதி, ஐ.நா. சொன்னா பாப்போம், இப்ப முடியாதுன்னு வாஜ்பாய் அரசாங்கம் சொல்லிருச்சு. எங்க பக்கம் தெருவுக்கு ரெண்டு பேரு மிலிட்டரில இருப்பாங்க, அதனால எல்லாருக்கும் ஒரு நிம்மதி. நாடு பட்டாளத்த அனுப்பல. ஆனா மதுரைல மாடி ஏறிப்போற ஒரு ஆபீஸ்ல இருந்த ஏஜெண்ட்டு எங்க மாமாவ அனுப்பிட்டான்.

குவைத்ல ஸ்டார் ஓட்டல், இந்தியன் கிச்சன், மாஸ்டர் வேலை, மாசம் 120 தினார்னு சொன்னான். மாமாவுக்கு அப்ப நாப்பத்திரண்டு வயசு, மூத்த பொண்ணு கல்யாணக் கடன் தலைக்கு மேல. ஏஜெண்ட்டுக்குக் கட்ட ஒரு லட்சத்தி பத்தாயிரம், அதுல எழுபதாயிரம் மூணு ரூவா வட்டிக்கு வாங்குனது, மிச்சம் அத்தையோட தாலிக்கொடி. அக்டோபர்ல மதுரைலருந்து மும்பை ரயிலு ஏத்தி விட்டோம். நான்தான் பெட்டி தூக்குனேன், அதுக்குள்ள ஒரு புரோட்டா கரண்டி இருந்துச்சு, அங்க நம்ம கரண்டி கிடைக்காதுன்னு எடுத்துக்கிட்டாரு.

மும்பைல ஒரே ரூம்ல இருபத்திரண்டு பேரு பதினோரு நாளு. குவைத்ல எறங்குன உடனே பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிட்டாங்க. ஓட்டலு எங்கண்டு கேட்டதுக்கு 'கேம்ப்'புன்னு மட்டும் பதில். பாதி அரபி பாதி இங்கிலீஷ்ல ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்குனாங்க, சம்பளம் 85 தினார்னு அப்பத்தான் தெரிஞ்சிருக்கு. ரெண்டு மாசம் சும்மா உக்கார வச்சுட்டு, ஜனவரில ஒருநா ராத்திரி பஸ்ல ஏத்தி சஃப்வான் பார்டர் தாண்டி வடக்க கொண்டு போனாங்க. திரும்பிப் போறவன் போலாம், ஆனா டிக்கெட்டு சொந்தச் செலவு, கட்டுன பணம் திரும்ப வராது. மூணு ரூவா வட்டி ஊர்ல ஓடிக்கிட்டு இருக்கு. யாரு திரும்புவா? ஏத்தும்போது யாரும் துப்பாக்கியக் காட்டல, காட்ட வேண்டிய அவசியமும் இல்ல.

பாக்தாத்துக்கு வடக்க பலாட்ங்கிற எடத்துல பெரிய விமான தளம், அதுக்கு அமெரிக்காக்காரன் வச்ச பேரு அனகோண்டா. மாமா போன்ல சொன்னப்ப பாம்புப் பண்ணைல வேலைன்னு அத்தை பயந்துருச்சு. இந்த வேலைக்காரங்களுக்கு அங்க ஒரு பேரு, டிசிஎன். அமெரிக்காக்காரனும் இல்ல, ஈராக்காரனும் இல்ல, மூணாவது நாட்டுக்காரன்னு அர்த்தமாம். நேபாளி, பிலிப்பைன்ஸ், நம்ம ஆளுங்க, பங்களாதேஷ். ராணுவத்துக்கு சோறு போடுற காண்ட்ராக்ட் ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனிக்கு, அவன் கீழ குவைத் கம்பெனி, அவன் கீழ இன்னொருத்தன், அவனுக்குக் கீழ மும்பை, அதுக்கும் கீழ மதுரை. நம்ம ஊரு பஞ்சாயத்து ரோடு காண்ட்ராக்ட்டு மாதிரியேதான், மேல இருந்து ஒவ்வொருத்தனும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து கடைசில தார் ஊத்துறவனுக்கு வந்து சேருறது என்னவோ அதான் மாமாவோட 85 தினார்.

வேலை மாஸ்டர் வேலை இல்ல. காய் வெட்டுறது, டிரே கழுவுறது, குப்பை கட்டுறது, பன்னெண்டு மணி நேரம், வாரத்துல ஏழு நாளும். புரோட்டாக் கரண்டி பெட்டிலயே கிடந்துச்சு. அந்தச் சாப்பாட்டுக் கூடத்தப் பத்தி மாமா சொல்றதக் கேக்கணும். பாலைவனத்துக்கு நடுவுல ஐஸ்கிரீம் பத்து விதம், வாரத்துல ஒருநா சிங்கி இறாலு, பீட்சா கடை, நீச்சல் குளம். வெளிய கேட்ல அந்த ஊரு ஆளுங்க தினக்கூலிக்கு வரிசைல நிப்பாங்களாம், ஒவ்வொருத்தனையும் சட்டையத் தூக்கச் சொல்லி தடவிப் பாத்து உள்ள விடுவாங்களாம். "மாப்ள, அவுக ஊருலயே அவுக கக்கூஸ் கழுவ வந்தாக"ண்டு மாமா சொன்னது எனக்கு இன்னைக்கும் மறக்கல. அதுல ஒரு ஆளு, வாத்தியாரா இருந்தவராம், மாமாவுக்கு பேரீச்சம்பழம் கொண்டாந்து குடுப்பாராம். ஒருநா வரல. அப்புறமும் வரல. அமெரிக்காக்காரனுக்கு வேலை பாத்தான்னு வெளிய யாரும் கொன்னுட்டாங்களா, குண்டுல போனாரா, பயந்து நின்னுட்டாரா, யாருக்கும் தெரியாது, கேக்கவும் ஆளில்ல. ஈராக்ல செத்த பொதுமக்கள செய்தி செய்தியா பாத்து எண்ணுன ஒரு குழு இருக்கு, அவங்க கணக்குல மட்டுமே சுமார் 2 லட்சம் பேரு. வாத்தியாரு அந்தக் கணக்குல இருக்காரோ இல்லையோ.

தினமும் சாயங்காலம் வெளியருந்து ஏவுற மோர்ட்டார் குண்டு வந்து விழும். சைரன் அடிச்சதும் சோல்ஜருங்க தலைல ஹெல்மெட்டு, நெஞ்சுல இரும்புச் சட்டை. எங்க மாமா தலைல முடி சாப்பாட்டுல விழாம இருக்கப் போடுற பிளாஸ்டிக் குல்லா, நெஞ்சுல ஏப்ரன். 2004 ஆகஸ்ட் கடைசில பன்னெண்டு நேபாளிங்கள ஒரு கும்பல் கடத்திக் கொன்னுச்சு, ஜோர்டான்ல வேலைன்னு சொல்லிக் கூட்டிட்டு வரப்பட்ட பயலுக. அதே சமயத்துல நம்ம லாரி டிரைவருங்க மூணு பேரையும் பிடிச்சு வச்சிருந்து செப்டம்பர் 1ஆம் தேதி விட்டாங்க. ஈராக்குக்குப் போகக்கூடாதுன்னு நம்ம அரசாங்கம் தடை போட்டுச்சு. ஏற்கெனவே உள்ள இருந்தவங்களுக்கு அந்தத் தடையால என்ன ஆச்சுன்னா, ஈராக்ல இருக்கோம்னு யாருகிட்டயும் வாயத் தொறக்க முடியாம ஆச்சு.

மாமாவோட ரூம்ல மானாமதுரைப் பக்கத்து ஆளு ஒருத்தரு, லாண்டரில வேலை. 2005 ஜூன்ல துணி எடுக்கப் போன எடத்துல குண்டு விழுந்து அங்கயே போயிட்டாரு. அன்னைக்கு சிங்கி இறாலு நாளு. செய்தி வந்தப்ப மாமா வெண்ணெய சின்னச் சின்னக் கிண்ணத்துல ஊத்திக்கிட்டு இருந்தாராம், சூப்பர்வைசரு தோள்ல தட்டிட்டு, முந்நூறு கிண்ணம் இன்னும் பாக்கின்னானாம். ஊத்தி முடிச்சுட்டுத்தான் அழுதேன்னாரு மாமா.

அப்புறம் அந்தக் குழி. இதத்தான் ரொம்ப நாளா நாங்க யாருமே காதுல வாங்கல. அந்தத் தளத்துல ஆயிரக்கணக்கான பேருக்கு மூணு வேளையும் பிளாஸ்டிக் தட்டு, பிளாஸ்டிக் ஸ்பூனு, தெர்மோகோல் டப்பா, தண்ணி பாட்டிலு. எல்லாத்தையும் ஒரு பெரிய குழில கொட்டி விமான எரிபொருள ஊத்திக் கொளுத்துவாங்க, ராவும் பகலும் எரியும், டயரு பேட்டரி மருந்துக் கழிவுன்னு எதுவும் மிச்சமில்ல. மாமாவோட வேலைல ஒண்ணு, குப்பை மூட்டைய டிரக்குல ஏத்தி குழி வரைக்கும் கூடப் போயி எறக்குறது. சளி துப்புனா கறுப்பா வருமாம். "நம்ம கடைல சாப்ட இலைய மாடு திங்கும், அங்க சாப்ட தட்ட நாங்க தின்னோம் மாப்ள"ம்பாரு, சிரிச்சுக்கிட்டே.

2006 பிப்ரவரில திரும்பி வந்தாரு. கடன் அடைஞ்சுச்சு, ரெண்டாவது பொண்ணு கல்யாணமும் முடிஞ்சுச்சு, அத மறைக்கக் கூடாது, போனதால ஒண்ணுமே இல்லன்னு மாமாவே சொல்ல மாட்டாரு. 2009 வாக்குல இருமல். 2015ல மாடிப்படி ஏற முடியல. பெரியாஸ்பத்திரில பாத்து, டிபியா இருக்குமோன்னு தோப்பூருக்கு அனுப்பி, டிபி இல்லன்னு ஆயி, கடைசில நுரையீரல் சுருங்கிருக்குன்னாங்க. பீடி குடிப்பீங்களான்னு கேட்டாங்க, இல்ல. அடுப்புப் பொகைல நின்னீங்களான்னாங்க, பதினெட்டு வருசம். அவ்வளவுதான், காரணம் கிடைச்சிருச்சு. குழியப் பத்தி மாமா சொன்னத அந்த டாக்டர் பொறுமையாத்தான் கேட்டாரு, ஆனா அதனாலதான்னு எழுதிக் குடுக்க என்கிட்ட ஆதாரம் இல்லைங்கன்னாரு. அவரையும் குத்தம் சொல்ல முடியாது.

அப்பத்தான் நான் கடைல ராத்திரி ராத்திரியா உக்காந்து நெட்ல தேட ஆரம்பிச்சேன். தேடுனதுல கிடைச்சத இங்க கொஞ்சம் வெளக்கமா சொல்றேன், ஏன்னா நம்ம பக்கத்துலருந்து அங்க போயிட்டு வந்தவங்க நெறையப் பேரு இருக்காங்க, யாருக்கும் இது தெரியாது.

1941லயே அமெரிக்கா போட்ட ஒரு சட்டம், டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட்னு பேரு. அமெரிக்க அரசாங்க காண்ட்ராக்ட்ல வெளிநாட்டு ராணுவத் தளத்துல வேலை பாக்குறவனுக்கு, அவன் எந்த நாட்டுக்காரனா இருந்தாலும், சப் காண்ட்ராக்ட்டுக்கு சப் காண்ட்ராக்ட்ல இருந்தாலும், அடிபட்டா செத்தா முதலாளி எடுத்து வச்சிருக்க இன்சூரன்ஸ் பணம் குடுத்தாகணும். செத்தவரோட மனைவிக்கு சம்பளத்துல பாதி, வேற கல்யாணம் பண்ணாத வரைக்கும் ஆயுசுக்கும். இதுல வெக்கங்கெட்ட ஒரு வரியும் இருக்கு, அமெரிக்காவுல குடியில்லாத வெளிநாட்டுக்காரனா இருந்தா வரப்போற மொத்தத்தையும் ஒரே தடவையா கணக்குப் போட்டு அதுல பாதிய மட்டும் குடுத்து முடிச்சுக்கலாமாம். நம்ம உசுரு அரை வெலைன்னு சட்டத்துலயே எழுதி வச்சிருக்கான். அதுகூட நமக்கு வந்து சேரல.

காலக்கெடு இருக்கு, அடிபட்டதுக்கும் சாவுக்கும் ஒரு வருசத்துக்குள்ள கிளைம் போடணும், மெதுவா வர்ற நோயா இருந்தா இது அந்த வேலையாலதான்னு தெரிஞ்சதுலருந்து ரெண்டு வருசம். ஆனா ஒரு சின்னச் சந்து இருக்கு. கம்பெனிக்காரன் விபத்தப் பத்தி அமெரிக்கத் தொழிலாளர் துறைக்கு ரிப்போர்ட்டே அனுப்பலன்னா அந்தக் காலக்கெடு ஓட ஆரம்பிக்கிறதே இல்ல. அதனால வருசம் போச்சேன்னு விட்டுறாம முதல்ல அந்தத் துறைக்கு எழுதி, ரிப்போர்ட் வந்துருக்கான்னு கேக்கணும். அப்புறம், இந்தக் கேஸுக்கு வக்கீலு நம்மகிட்ட அட்வான்ஸ் கேட்டா அவன் திருடன்னு வச்சுக்கங்க. துறை அனுமதி இல்லாம ஒரு பைசா ஃபீஸ் வாங்குறதே குத்தம். மொத்தமா செட்டில்மெண்ட்டுன்னு வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்குறதும், துறை ஒத்துக்காம செல்லாது.

கடைசியாச் சொன்னதப் படிச்ச அன்னைக்குத்தான் மாமா மானாமதுரைக்காரர் வீட்டுக்குப் போவோம்னாரு. 2017ல போனோம். அந்த அம்மா மஞ்சப்பைய எடுத்துட்டு வந்துச்சு. உள்ள ஒரு போட்டோ, ஒரு ரேசன் கார்டு ஜெராக்ஸ், ஒரு பேப்பர். அரபிலயும் இங்கிலீஷ்லயும் நாலு பாரா, எல்லாப் பணமும் வாங்கிக்கிட்டேன், இனி யார் மேலயும் எந்த உரிமையும் கோர மாட்டேன்னு. கீழ ஊதா மையில கைநாட்டு, கோடு கோடா தெளிவா இருந்துச்சு, பன்னெண்டு வருசத்துல மை மங்கவே இல்ல. நாலு லட்சம் குடுத்தாங்களாம். இது என்ன பேப்பருன்னு கேட்டேன். "பொட்டி வந்த ரசீதுண்டு சொன்னாகய்யா"ன்னுச்சு.

நான் எல்லாத்தையும் வெளக்குனேன். கேஸ் போடலாம்மா, காசு செலவில்லன்னேன். அந்தம்மா ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "பையனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம். மறுபடி செத்த கதையத் தொடங்குனா யாரு குடுப்பா? வேணாய்யா"ன்னுச்சு. திரும்பி வரும்போது பஸ்ல எனக்கு அந்தம்மா மேல கோவமா வந்துச்சு. வீட்டுக்கு வந்து படுத்தப்பத்தான், கோவத்த யாரு மேல காட்டணுமோ அவன எனக்கு பேரு கூடத் தெரியாதுன்னு உறைச்சுது.

மாமா கேஸும் நிக்கல. அவருகிட்ட அந்தத் தளத்துல குடுத்த அடையாள பேட்ஜ் இருக்கு, அத எப்படியோ ஒளிச்சுக் கொண்டாந்துட்டாரு. ஆனா போறதுக்கு முன்னாடி எடுத்த மெடிக்கல் ரிப்போர்ட் ஏஜெண்ட்டு வாங்குனதோட சரி, எக்ஸ்ரே இல்ல, காண்ட்ராக்ட் நகல் இல்ல, வந்தப்புறம் ஒரு டாக்டர்கிட்டயும் குழியப் பத்தி எழுத்துல பதிவு இல்ல. 2022 ஆகஸ்ட்ல அமெரிக்கா பேக்ட் ஆக்ட்னு ஒரு சட்டம் போட்டு, அந்தக் குழிகளோட பொகையச் சுவாசிச்ச தன்னோட சோல்ஜருங்களுக்கு இன்னின்ன நோய் வந்தா அதனாலதான்னு எடுத்துக்குவோம், நிரூபிக்க வேண்டியதில்லன்னு சொல்லிருச்சு. நல்ல சட்டம்தான். அதே குழி, அதே பொகை. குப்பைய எறக்குன மாமாவுக்கு அது பொருந்தாது.

2001க்கு அப்புறம் ஆப்கானிஸ்தான், ஈராக்னு அமெரிக்கா நடத்துன போருங்கள்ல செத்த அமெரிக்க சோல்ஜர் சுமார் 7,000, காண்ட்ராக்ட்ல போயி செத்தவங்க சுமார் 8,000 இருக்கும்னு பிரவுன் யுனிவர்சிட்டில கணிச்சிருக்காங்க. சோல்ஜர் செத்தா கொடி போத்துன பொட்டி, டிவில பேரு. காண்ட்ராக்ட்காரன் செத்தா கணிப்பு.

இதே தேடல்ல, தெக்கு ஈராக்ல இருக்க பஸ்ராங்கிற ஊரு பேர அடிச்சப்ப வேற ஒண்ணு வந்து விழுந்துச்சு. 1914 நவம்பர்லயே இந்தியப் படைய வெள்ளைக்காரன் அங்க எறக்கியிருக்கான், ஆயிரம் காரணம் சொன்னாலும் பக்கத்துல ஆபாதான்ல இருந்த அவனோட எண்ணெய் ஆலையக் காப்பாத்துறது முக்கியக் காரணம். பாக்தாத்தப் பிடிக்கிறேன்னு போயி கூத்ங்கிற ஊர்ல மாட்டி, பட்டினி கிடந்து, 1916 ஏப்ரல் 29ல சரணடைஞ்சாங்க, அதுல முக்கால்வாசி நம்ம நாட்டுக்காரங்க. பஸ்ராவுல அவங்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கு, 40,000 பேருக்கு மேல. வெள்ளைக்காரன் பேரெல்லாம் வரிசையா இருக்கு. நம்ம சிப்பாய்ங்களுக்குப் பேரு இல்ல, இந்த ரெஜிமெண்ட்ல இத்தன பேருன்னு எண்ணிக்கை மட்டும். 2021ல அந்தக் கல்லறைகளப் பாத்துக்குற கமிஷன், பாகுபாடு நடந்துச்சுன்னு ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டுச்சு.

எங்கம்மா பொறந்த ஊர்ல, பழைய சாவடிச் செவுத்துல ஒரு கல்லு பதிச்சிருக்கும். இந்த ஊர்லருந்து இத்தன பேரு 1914-1919 போருக்குப் போனாங்க, அதுல இத்தன பேரு உசுர விட்டாங்கன்னு இங்கிலீஷ்ல. பொங்கலுக்குப் பொங்கலு சுண்ணாம்பு அடிச்சு அடிச்சு எழுத்து பாதி மூடிருச்சு. சின்ன வயசுல மாமாவும் அவரு கூட்டாளிகளும் அதுக்குக் கீழதான் கோலி ஆடுவாங்களாம், அது ஏதோ எல்லைக்கல்லுன்னு நெனச்சுக்கிட்டு. நான் இந்த பஸ்ரா விசயத்தச் சொன்னப்ப மாமா, "அப்ப நம்ம ஊருக்காரன் எனக்கு முன்னாடியே அங்க போயிருக்கான்னு சொல்லு"ன்னாரு. பேரு என்ன போட்டிருக்குன்னு கேட்டாரு. பேரு இல்ல மாமா, நம்பருதான்னேன். இன்ஹேலர ரெண்டு தடவ அமுக்கி இழுத்துட்டு ஒண்ணும் சொல்லல.

இப்ப அண்ணன் மகன். கம்பி கட்டுற வேலை, கெட்டிக்காரப் பய, கோயம்புத்தூர் ஓசூர்னு சுத்துவான். 2024 ஆரம்பத்துல ஒரு வாட்சப் மெசேஜக் காட்டுனான், ரஷ்யாவுல ராணுவத்துக்கு ஹெல்பர் வேலை, சண்டை கிடையாது, மாசம் ஒன்றரை லட்சம், டூரிஸ்ட் விசால போயி அங்க மாத்திக்கலாம். எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு. "சித்தப்பா, கிச்சன் வேலைதானாம்"னான். மாமாவுக்கு போனப் போட்டு ஸ்பீக்கர்ல வச்சேன். மாமா திட்டல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு: "ஏப்பா, அம்புட்டு சம்பளத்துக்கு அந்த ஊருல வெங்காயம் உரிக்க ஆளு இல்லையா?" அடுத்த மாசமே சிபிஐ நாடு முழுக்க அந்த ஏஜெண்ட்டுங்க எடத்துல சோதனை போட்டுச்சு, ரஷ்ய மொழில எழுதுன காண்ட்ராக்ட்ல கையெழுத்து வாங்கி பசங்கள உக்ரைன் எல்லைக்கு அனுப்பிருக்காங்க. 2025 ஜனவரில வெளியுறவுத்துறை சொன்ன கணக்கு 126 பேரு, அதுல 12 பேரு சாவு, 16 பேர ரஷ்யாக்காரனே காணலன்னுட்டான். பய ஏற்கெனவே ஏஜெண்ட்டுக்கு முப்பதாயிரம் கட்டிருந்தான், அது இன்னும் வரல, புகார் குடுத்துருக்கோம்.

யாரு வந்து வெளிநாட்டு வேலைன்னு சொன்னாலும் நான் இப்ப கடைல செய்யிறது இதுதான். வெளிநாட்டு வேலைக்குன்னு நம்ம அரசாங்கம் வச்சிருக்க இமைகிரேட் வெப்சைட்ல அந்த ஏஜெண்ட்டு பேரு லைசென்ஸ் நம்பரோட இருக்கா, லைசென்ஸ் இன்னும் உயிரோட இருக்கான்னு பாப்பேன். பதிவு பண்ண ஏஜெண்ட்டு சர்வீஸ் சார்ஜா 30,000 ரூவாயும் அதுக்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அதுக்கு மேல கேட்டா அங்கயே நிறுத்திக்கங்கம்பேன். பத்தாவது முடிக்காதவங்க கல்ஃப் மாதிரி 18 நாட்டுக்கு வேலைக்குப் போகணும்னா அரசாங்க கிளியரன்ஸ் வேணும், ஆனா ரஷ்யா அந்தப் பட்டியல்லயே இல்ல, அதான் அவனுங்க அந்த வழியப் பிடிச்சானுங்க. கிளியரன்ஸ்ல போனா 10 லட்ச ரூவா இன்சூரன்ஸ் இருக்கு, ரெண்டு வருசத்துக்கு 275 ரூவாதான், அத வேணாம்னு சொல்றவன நான் விடுறதில்ல. கெளம்புறதுக்கு முன்னாடி நெஞ்சு எக்ஸ்ரே ஒண்ணு எடுத்து படத்தையே வீட்ல வையுங்கம்பேன். காண்ட்ராக்ட்ல கையெழுத்துப் போட்ட அன்னைக்கே போட்டோ எடுத்து பொண்டாட்டிக்கு அனுப்பணும், மொழி புரியலன்னா பரவால்ல, பின்னாடி படிக்க ஆளு கிடைக்கும். அங்க போனதும் பேட்ஜ முன்னயும் பின்னயும் போட்டோ. யாரு கம்பெனி, அவனுக்கு மேல யாரு, அவனுக்கும் மேல யாரு காண்ட்ராக்ட்டுன்னு தெரிஞ்சு வச்சுக்கங்க. வீட்ல பொம்பளைங்க எந்தப் பேப்பர்லயும் கைநாட்டு வைக்கிறதுக்கு முன்னாடி என் கடைக்குக் கொண்டு வரணும். இந்தக் கடைசி விசயத்த மட்டும் செவுத்துல பெருசா எழுதி ஒட்டிருக்கேன்.

போன வாரம் பய கொண்டாந்த பேப்பர், இஸ்ரேல். இது வாட்சப் இல்ல, ரெண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு ஆளெடுக்குறது. கம்பி கட்ட, சென்ட்ரிங் அடிக்க, பூச்சு வேலை, டைல்ஸ் ஒட்ட. மாசம் 1 லட்சத்தி 37 ஆயிரம் ரூவா வாக்குல. 2023 அக்டோபருக்கு அப்புறம் பாலஸ்தீனக்காரங்களோட வேலை பெர்மிட்ட ரத்து பண்ணிட்டாங்க, அந்தக் காலி எடத்துக்குத்தான் நம்ம பசங்க. காசாவுல என்ன நடந்துச்சுன்னு அவனுக்கும் தெரியும், போன்ல பாத்துருக்கான். 2024 மார்ச்ல கேரளாக்காரர் ஒருத்தரு அங்க தோட்டத்துல வேலை பாத்துக்கிட்டு இருந்தப்ப ஏவுகணை விழுந்து செத்ததும் தெரியும்.

"அந்த வேலை யாரோட வேலைன்னு தெரியுமாடா?"ன்னேன்.

"தெரியும் சித்தப்பா. நான் போகலன்னா அவனுக்குத் திரும்பக் குடுத்துருவானா?"

எனக்கு பதில் வரல. மாமாவுக்கு போன் போடவா வேணாமான்னு யோசிச்சேன், அவருக்கு இப்ப ரெண்டு வாக்கியம் சேந்தாப்ல பேசுனா மூச்சு வாங்குது, போடல. இவனுக்கு இருபத்தாறு வயசு, அப்பாவுக்கு சுகர்ல கால் வெரலு எடுத்தாச்சு, தங்கச்சி நர்சிங் படிக்குது. ஆயிரத்தி நூறு ரூவா கூலிக்கு ஓசூர்ல கம்பி கட்டுற பயகிட்ட உலக நியாயத்த நான் ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டு எப்படிச் சொல்றது. சொல்லாமயும் இருக்க முடியல, சொன்னேன், கொஞ்சம் கத்துனேன்னுகூடச் சொல்லலாம், கடைல நின்ன ரெண்டு மூணு பேரு திரும்பிப் பாத்தாங்க. அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டே, "ரெண்டு காப்பி எடுங்க சித்தப்பா"ன்னான்.

மூணா எடுத்தேன். ரெண்டு அவன்கிட்ட. ஒண்ணு அவன் பாஸ்போர்ட் நகலோட சேத்து கவர்ல போட்டு, மேல அவன் முழுப்பேரு, அப்பா பேரு, ஊரு எல்லாம் பேனாவால எழுதி, மாமாவோட பேட்ஜ் நகலு இருக்க அதே டிராயர்ல வச்சுப் பூட்டிருக்கேன்.